ராஜா போகாத கோட்டை

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் சகலை கேட்டுவிடுவார்: "இன்னா சகல, எம்மேல எதுனா கோவமா?"

கோபப்படும்படி அவர் எதுவும் செய்திருக்க மாட்டார். முந்தின வாரம் போனில் பேசியபோது, கடையில் ஆள் நின்றதால் நான் "அப்பால பேசறேன்" என்று சட்டென்று வைத்திருப்பேன். அந்த ஒரு வாரமும் அவர் அதையே நினைத்துக்கொண்டிருந்திருப்பார். "சே சே, அதெல்லாம் இல்ல" என்று நான் சொன்ன பிறகுதான் உள்ளே வருவார். கிளம்பும்போது இன்னொன்று சொல்வார்: "எதுனா தப்பாப் பேசியிருந்தா மனசுல வச்சிக்காதீங்க."

அவர் என் மனைவியின் அக்காளைக் கட்டியவர். நான் அவரை சகல என்பேன், அவரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். கரிக்கலாம்பாக்கத்தில் மனைக்கட்டு வாங்கி வீடு கட்டியிருந்தார். ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை. ஒல்லியான உடம்பு, இஸ்திரி போட்ட சட்டை, பக்கத்துத் தெருக் கடைக்குப் போனாலும் தலையில் ஹெல்மெட். ஸ்டோரில் ஒரு பொருள் இல்லையென்றால் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. "நாளைக்கு வந்துடும்" என்பார். மறுநாள் கேட்டு வருகிறவனுக்குப் பயந்து டீ குடிக்கப் போய்விடுவார்.

ஒரு தடவை பாகூரில் என் கடைக்குப் பக்கத்து ஓட்டலில் காபியில் சர்க்கரை கம்மி என்று சொல்லிவிட்டார். பரிமாறிய ஆள் பதில் பேசாமல் சர்க்கரைக் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனான். சகலை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பாதி வழி போய், திரும்பி வந்து அவனிடம், "நான் சும்மா சொன்னேம்பா, காபி நல்லாத்தான் இருந்திச்சி" என்றார். அவனுக்கு இவர் யாரென்றே ஞாபகமில்லை.

நான் பாகூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவோம். அக்காளும் தங்கையும் சமையலறையில் பேச ஆரம்பித்தால் எங்கள் பக்கம் திரும்ப மாட்டார்கள். சாப்பாட்டு மேசையில் சகலை லேப்டாப்பைத் திறப்பார். அதில் அவர் ஒரு ராஜா.

அந்த விளையாட்டில் சுட்டுத் தள்ளுவது எல்லாம் கிடையாது. பழைய காலத்து வெளிநாட்டு ராஜ்ஜியம் ஒன்றின் வரைபடம். நடுவில் ராஜா, அவருக்குக் கீழே பன்னிரண்டு சிற்றரசர்கள். ஒவ்வொருவனுக்கும் முகம் உண்டு, கோட்டை உண்டு. முகத்துக்குப் பக்கத்தில் ஒரு எண். ராஜா மேல் பிரியமாக இருந்தால் பச்சையில் பிளஸ், கடுப்பாக இருந்தால் சிவப்பில் மைனஸ். அந்த எண் மேல் மவுஸ் அம்பைக் கொண்டுபோய் வைத்தால் காரணத்தையும் காட்டும். உன் அப்பன் என் மாமனைச் சிறையில் போட்டான், மைனஸ் பதினைந்து. என் மகனுக்குப் பதவி தருவதாகச் சொல்லி ஏமாற்றினாய், மைனஸ் இருபது.

அதைப் படித்துச் சொல்லும்போது சகலையின் முகம் தெளிந்திருக்கும். "பாத்தீங்களா சகல, இன்னாத்துக்குக் கோவம்னு எழுதியே போட்டுர்றான். மனுஷங்களுக்கும் இப்பிடி நெத்தியில ஒண்ணு இருந்தா எவ்ளோ நல்லாயிருக்கும்!"

அந்த ராஜா சில வருடங்களுக்கு ஒருமுறை சிற்றரசர்களின் கோட்டைகளுக்குச் சுற்றுப்பயணம் போகலாம். போகிற இடத்தில் விருந்து, வேட்டை. தங்கிவிட்டு வந்தால் அங்கே இருக்கிறவனின் எண் ஏறும். அந்தப் பயணத்தை எடுத்த எடுப்பில் தொடங்கிவிட சகலையால் முடியாது. மூன்று ஞாயிற்றுக்கிழமை திட்டம் போடுவார். பழைய டைரியில் பெயர்களை எழுதி அம்புக்குறி போடுவார். முதலில் மேற்குக்காரன் வீட்டுக்குப் போனால் கிழக்குக்காரன் தன்னை மட்டமாக நினைத்ததாக எடுத்துக்கொள்வானோ? பனிக்காலத்தில் மலைப்பாதை வேண்டுமா? ராஜா ஊரில் இல்லாதபோது சிம்மாசனத்தை யார் பார்த்துக்கொள்வது? தம்பியிடம் விட்டால் அவனே உட்கார்ந்துகொண்டால்?

எவ்வளவு யோசித்தாலும் கடைசியில் அவர் போடும் வழி ஒன்றுதான். பச்சை எண் காட்டுகிறவர்கள் வீடாகப் பார்த்துப் போய்வருவார். வடக்கே மலைக்கோட்டையில் ஒருவன் இருந்தான், மைனஸ் அறுபது. அந்தக் கோட்டையை ஒவ்வொரு பயணத்திலும் தள்ளிவிடுவார்.

"அவன் வூட்டுக்குத்தான சகல மொதல்ல போவணும்? மத்தவன்லாம் ஏற்கெனவே நம்ம ஆளு" என்றேன்.

"மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இருக்கறவன் எதிர்ல குந்திக்கினு எப்பிடி சோறு துன்றது சகல? எனக்கு எறங்காது."

ராஜா ஊர் ஊராக விருந்து சாப்பிட்டுத் திரும்பி வருவதற்குள் மலைக்கோட்டைக்காரன் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு படை திரட்டியிருப்பான். சண்டையில் ராஜா சிறைக்குப் போவார், அங்கேயே செத்தும் போவார். சகலை பெருமூச்சு விட்டுவிட்டு, சேமித்து வைத்த பழைய இடத்துக்குப் போய் மறுபடியும் தொடங்குவார். என் கண்ணெதிரிலேயே நான்கு தடவை இப்படி ஆனது. நான்கு தடவையும் மலைக்கோட்டைக்குப் போகவில்லை.

சிரிப்பாகத்தான் இருந்தது. எங்கள் மச்சான் விஷயம் வரும்வரை.

மச்சான் என்றால் எங்கள் மனைவிமார்களுக்கு ஒரே தம்பி. அப்போது இருபத்தெட்டு வயது. தன்னோடு கம்பெனியில் வேலை பார்த்த செல்லிப்பட்டுப் பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். அவர்கள் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள்; சாதி ஜனமும் வேறு. குருவிநத்தத்தில் கரும்பும் நெல்லும் வைத்திருக்கிற என் மாமனார் இதை ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. மச்சான் என்னிடம் வரவில்லை. நான் முகத்தில் அடித்தாற்போலப் பேசுகிறவன். இதமாகப் பேசுகிற பெரிய மாமாவிடம், அதாவது என் சகலையிடம் போனான்.

சகலை அவனிடம், "கவலப்படாத மச்சான், நான் மாமாகிட்ட பேசிட்டேன், பாதி எறங்கி வந்துட்டாரு" என்று சொல்லியிருக்கிறார். மாமனாருக்கு ஊரில் யாரோ சொல்லி விஷயம் தெரிந்து, அவரும் இவரைத்தான் கூப்பிட்டுக் கேட்டார். அவரிடம், "பையன் மனசு மாறிட்டான் மாமா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லியிருக்கிறார். இரண்டு பக்கமும் ஒரு மாதம் நிம்மதியாக இருந்தது.

பையன் மாறிவிட்டான் என்று நம்பி மாமனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு இடத்தில் பெண் பார்க்க ஏற்பாடு செய்தார். மாப்பிள்ளைகள் இருவரையும் பத்து மணிக்கு வரச்சொன்னார். அப்பா இறங்கி வந்துவிட்டார் என்று நம்பி மச்சானும் அதே நாளில் செல்லிப்பட்டிலிருந்து பெண்ணின் அப்பா அம்மாவைப் பேச வரச்சொன்னான். இரண்டும் சகலைக்குத் தெரியும். இரண்டு பேரிடமும் சரி சரி என்றிருக்கிறார்.

எனக்குப் பெண் பார்க்கப் போவது மட்டும்தான் தெரியும். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு மாமனார் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். ஒரு ஆட்டோ வந்து நின்றது. நடுவயதுக்காரர் ஒருவர் தட்டில் ஆப்பிளும் வெற்றிலையுமாக இறங்கினார். பின்னாலேயே அவர் மனைவி. கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

மாமனார் கும்பிடவில்லை. "யாரு இவங்க?" என்று என்னைக் கேட்டார். மச்சான் ஓடிவந்து, "பெரிய மாமா சொல்லலியாப்பா?" என்றான். அதற்குப் பிறகு நடந்ததை முழுக்க எழுத வேண்டாம். அந்த மனிதர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாப் பேச்சையும் கேட்டார். தெருவே பார்த்தது. நான் சகலைக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தது. மறுபடி போட்டேன். மாமனார் என் கையிலிருந்த போனைப் பார்த்துவிட்டு, "மாப்ள, நீங்களும் இதுக்கு ஒடந்தையா?" என்று கேட்டார். என்ன சொன்னாலும் அவர் நம்பவில்லை. மச்சான் அந்த ஆட்டோவிலேயே ஏறி, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு போய்விட்டான். அடுத்த மாதமே கல்யாணம் செய்துகொண்டு செல்லிப்பட்டிலேயே குடியேறினான்.

என் மாமனார் என்னோடு பேசுவதை நிறுத்தினார். நான் சகலையோடு பேசுவதை நிறுத்தினேன். கரிக்கலாம்பாக்கம் ஞாயிற்றுக்கிழமைகளும் நின்றன.

ஒன்றரை வருடம். அவர் தினமும் காலையில் எனக்கு ஒரு பூப்படம் அனுப்புவார், 'இனிய காலை வணக்கம்' என்று. நான் திறப்பதில்லை. மாம்பழக் காலத்தில், அக்காளைப் பார்க்கப் போன என் மனைவி கையில் ஒரு பை கொடுத்துவிடுவார். பாகூரில் ஏதாவது விசேஷத்துக்கு வந்தால் என் கடைக்கு எதிர்ப்பக்கமாக, ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு போவார். அந்த ஸ்கூட்டர் சத்தம் எனக்குத் தெரியாதா? கோபமாக இருக்கிறவன் வீட்டுக்கு வர அவரால் ஆகாது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. தெரிந்தே உட்கார்ந்திருந்தேன், வந்தால் அவரே வரட்டும் என்று.

வந்தார். சித்திரை வெயில், பகல் பன்னிரண்டு மணி. எதிரே உரக்கடை நிழலில் அரைமணி நேரம் ஹெல்மெட்டோடு நின்றார். நான் தலையைத் தூக்காமல் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். அப்புறம் ரோட்டைக் கடந்து வந்து, "சகல, எம்மேல கோவமா?" என்றார்.

"ஆமா. கோவந்தான்."

அவர் ஆயுசில் அந்தக் கேள்விக்கு இப்படி ஒரு பதிலை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஹெல்மெட்டைக் கழற்றினார். முகமெல்லாம் வேர்வை ஊற்றிக்கொண்டிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து, "ஞாயந்தான்" என்றார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "இன்னும் எவ்ளோ நாளைக்கி இருக்கும் சகல?" என்று கேட்டார்.

"மொதல்ல அன்னிக்கி எங்க போனீங்கன்னு சொல்லுங்க."

"கெளம்பித்தான் வந்தேன். பாகூர் ஏரிக்கரை வரைக்கும் வந்துட்டேன். அதுக்கு மேல வண்டி போவல. வண்டி நல்லாத்தான் இருந்திச்சி, எனக்குத்தான் கை ஓடல. அங்கயே குந்திட்டேன். அப்பால அந்த ஆட்டோ திரும்பிப் போச்சி. மச்சான் முன்னாடி குந்தியிருந்தான். நான் பனமரத்துக்குப் பின்னால போய் நின்னுக்கினேன்."

டீ வரவழைத்தேன். குடிக்காமல் ஆறவிட்டார். அவர் வந்தது அவருடைய மகளின் காதுகுத்துக்காக. குழந்தைக்கு ஐந்து வயதாகிறது, தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். மச்சானைக் கூப்பிட வேண்டும். அவனைக் கூப்பிட்டால் மாமனார் வரமாட்டார். மாமனாரிடம் பேசுவதற்கு முன்னால் என்னிடம் பேச வேண்டும். இந்த வரிசையை அவர் ஒரு வருடமாகப் போட்டுப் போட்டு அழித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஒண்ணு ஒண்ணா போங்க. எங்கிட்ட முடிஞ்சிது. அடுத்து மாமா" என்றேன்.

அதற்கு அவருக்கு இரண்டு வாரம் பிடித்தது. ஒரு நாள் காலையில் குருவிநத்தம் போனார். மாமனார் உள்ளே கூப்பிடவில்லை. சகலை கேட்டுக்கு வெளியே, ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்தே இருந்திருக்கிறார். மதியம் மாமியார் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று மணிக்கு மேல் மாமனார் வெளியே வந்து திட்ட ஆரம்பித்தார். சகலையின் அப்பன் பாட்டன் வரைக்கும் இழுத்து, தெருமுனை வரை கேட்கும்படி திட்டினார். சகலை தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அங்கிருந்து நேராக என் கடைக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. "பசிக்கிது சகல" என்றார். பக்கத்து ஓட்டலில் பரோட்டா வாங்கித் தந்தேன். நான்கு தின்றார். தின்று முடித்துக் கை கழுவிவிட்டு, ஏதோ அதிசயத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்போலச் சொன்னார்: "திட்டி முடிச்சிட்டாரு சகல."

"ம்?"

"முடிஞ்சிபோச்சி. ஒரு அளவுக்கு மேல அவருக்கே பேச ஒண்ணும் இல்ல. 'சாப்ட்டியா'ன்னு கேட்டாரு. அதுக்கப்பறம் எனக்குத்தான் அங்க நிக்கத் தெரியல, வந்துட்டேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் நாங்கள் கரிக்கலாம்பாக்கம் போனோம். அவர் ராஜாவை முதல் முறையாக மலைக்கோட்டைக்கு அனுப்பினார். போகிற வழியெல்லாம் சகலை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். விருந்தில் விஷம் வைப்பான் என்றார், வேட்டையில் அம்பு விடுவான் என்றார். ஒன்றும் நடக்கவில்லை. ராஜா மூன்று நாள் தங்கினார். மைனஸ் அறுபது மைனஸ் முப்பத்தைந்து ஆனது. அந்த எண்ணையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பாதிகூட கொறையல. ஆனா கொறைஞ்சிருக்குது, இல்ல?"

மிச்சம் இருந்தது மச்சான். "மாமாவாச்சும் திட்டறவரு. மச்சான் அப்பிடி இல்ல, திட்டமாட்டான். அவன் என்னய நம்பினான் சகல. அவன் மனசுல இன்னா இருக்குதுன்னு யாருக்குத் தெரியும்?" செல்லிப்பட்டுக்குப் போகிற நாளைத் திட்டம் போட ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கோயிலுக்குப் போய்விடுவார்கள். சனிக்கிழமை அவனுக்கு ஷிப்ட். பெண்ணின் அப்பா வீட்டில் இருக்கும்போது போனால் அந்தத் தட்டு ஞாபகம் வரும். மச்சானின் கைக்குழந்தைக்குக் கொலுசு வாங்கலாமா, சட்டை போதுமா? டைரியில் பக்கங்கள் நிறைந்தன.

இப்போது நான் சொல்ல வேண்டியது வருகிறது.

அந்தச் சமயத்தில் செம்புக் கம்பி வாங்க வில்லியனூர் போயிருந்தேன். மார்க்கெட் பக்கம் மச்சானைப் பார்த்தேன். கைக்குழந்தையைத் தோளில் போட்டிருந்தான். டீக்கடையில் நின்று பேசினோம். பெரிய மாமாவைப் பற்றிக் கேட்டேன்.

"அவரு மேல இன்னா மாமா கோவம்? அன்னிக்கி ஏரிக்கரையில அவர் ஸ்கூட்டரப் பாத்தேன். பனமரத்துக்குப் பின்னால சட்ட தெரிஞ்சிது. அவர் வந்திருந்தாலும் அப்பா அதேதான் செஞ்சிருப்பாரு." குழந்தையைத் தட்டிக்கொண்டே சொன்னான். "அவர் பொய் சொன்ன ஒரு மாசந்தான் நாங்க ரெண்டு பேரும் நிம்மதியா தூங்கினோம். வரச் சொல்லுங்க மாமா. புள்ளையப் பாக்கச் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றேன்.

சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சகலை டைரியோடு உட்கார்ந்து, "மச்சானுக்கு எம்மேல எவ்ளோ கோவம் இருக்கும்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டார். வாய்வரை வந்தது. எதிரே இருக்கிறவன் மனசு தெரியாமல் ஒரு வீட்டுக்காவது இவர் போய்ப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அது நல்ல எண்ணம்தான் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த வாசலில் என்னைத் தனியாக விட்டவர்தானே, இன்னும் கொஞ்ச நாள் தவிக்கட்டுமே என்றும் உள்ளே ஒன்று இருந்தது. "தெரியலயே சகல. நேர்ல போய்த்தான் பாக்கணும்" என்றேன்.

அவர் தலையாட்டி, டைரியில் ஒரு தேதியை அடித்துவிட்டு வேறு தேதி எழுதினார். மூன்று மாதம் அப்படியே போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை ஸ்டோரில் அட்டைப்பெட்டி இறக்கும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. நாற்பத்திமூன்று வயது.

சாவு வீட்டுக்கு மச்சான் வந்தான். மாமனார் பந்தலின் ஒரு கோடியில், அவன் மறு கோடியில். தூக்கும்வரை அழாமல் இருந்தவன், எல்லாம் முடிந்து திரும்பும்போது என் பக்கத்தில் வந்து, "சொன்னீங்களா மாமா?" என்று கேட்டான்.

"சொன்னேன்டா. வரேன்னுதான் சொல்லிக்கினு இருந்தாரு."

"கேட்டு இன்னா சொன்னாரு?"

"சந்தோஷப்பட்டாரு" என்றேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

கருமாதி அன்று அவர் மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கடைசி வரைக்கும் அதையேதான் கேட்டுக்கினு இருந்தாரு, உன் தம்பிக்கு எம்மேல கோவமா, கோவமான்னு. அவன்கிட்ட கேக்க எனக்கு வாய் வரல. உங்ககிட்ட அவன் எதுனா சொன்னானா?"

"இல்ல அண்ணி. எனக்குத் தெரியாது" என்றேன்.

இந்த இரண்டு பொய்யும் பதினைந்து நாள் இடைவெளியில் என் வாயிலிருந்து வந்தவை. சொன்ன நேரத்தில், எதிரே இருந்தவர் முகத்தைச் சமாளிக்க அது போதுமானதாக இருந்தது.

எட்டு மாதம் கழித்துக் காதுகுத்து வைத்தார்கள். அக்காளும் தம்பியும் ஒன்றாக எங்கள் வீட்டுக்குப் பத்திரிகை கொண்டுவரப் போவதாக என் மனைவி சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. வெளியூர் வேலை என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். முடியவில்லை, வீட்டிலேயே இருந்தேன். என் மனைவி வஞ்சிரம் வறுத்திருந்தாள். எல்லோரும் தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். பேச்சு சகலையைப் பற்றிப் போனது. அவர் காபிக்காரனைத் தேடிப்போன கதையைச் சொல்லிச் சிரித்தோம்.

மச்சான் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஒரு ஆறுதல்க்கா. எனக்குக் கோவம் இல்லன்னு மாமாவுக்குத் தெரிஞ்சிதான் போனாரு. நான் வில்லியனூர்ல சின்ன மாமாகிட்ட சொல்லி அனுப்பிச்சேன். சந்தோஷப்பட்டாராம்" என்றான்.

அண்ணியின் கை தட்டின் மேல் நின்றது. என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். மச்சான் ஒன்றும் அறியாமல் தன் குழந்தைக்கு ஒரு வாய் ஊட்டினான்.

அண்ணி கரண்டியை எடுத்து என் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தார். "சாப்புடுங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அண்ணியும் அதற்குப் பிறகு என்னிடம் எதையும் கேட்டதில்லை.